பட்டியலில் இல்லாத வேலை

அத்தியாயம் 11

ஜெஃப்ரி காபிக்கு மாடியிலிருந்து இறங்கி வராமல் இந்தச் சனிக்கிழமையோடு பதினாறு நாள்.

போல்பேட்டையில் அந்த வீட்டை அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து கட்டியபோது மாடிக்கென்று தனி அடுப்படி வைத்துத்தான் கட்டினார்கள். ஆனாலும் காலைக் காபி கீழேதான், மதினி ஈவாஞ்சலின் கையால்தான் என்பது பத்து வருஷப் பழக்கம். சண்டை போட்ட நாளில்கூட ஜெஃப்ரி இறங்கி வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு தம்ளர் குடித்துவிட்டுத்தான் போவான்.

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈவாஞ்சலின், தென்கரை லாஜிஸ்டிக்ஸ் என்ற கன்டெய்னர் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவி. துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தக் கம்பெனி யார்டில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவன் அவள் கணவன் எஸ்றாவின் தம்பி ஜெஃப்ரி. சர்வர் அறையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடில் ஒப்படைத்துவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள். மறுநாளே ஜெஃப்ரி பேச்சை நிறுத்தினான். ஒரு வாரம் கழித்து ராஜினாமாக் கடிதம் வந்தது. காரணம் கேட்ட கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தான். சாகுபுரத்தில் ஒரு வேலை, குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், எல்லாம் பேசி முடித்தாயிற்று. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கடிதத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் ஈவாஞ்சலின் ஏற்க வேண்டும், அல்லது அவனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் கம்பெனியின் மென்பொருள் தானாகவே ஏற்றுக்கொண்டுவிடும். அந்த மென்பொருளை ஆசை ஆசையாக வாங்கிப் போட்டவளும் ஈவாஞ்சலின்தான். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதைத்தான் போலிருக்கிறது.

"ஏளா, நீயே ஒரு எட்டு மேல போயி பேசிப் பாக்கலாம்லா?" என்றான் எஸ்றா. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். விடைத்தாளும் இட்லியும் ஒரே மேஜையில்.

"பேசாமலா இருக்கேன் அத்தான்? புது டீமுக்கு ஒன்னத்தான் லீடா போடுதேன்னு சொல்லியாச்சு. 'வேண்டாம் மதினி'ன்னு ஒரு மெசேஜ். அவ்வளவுதான்."

"வெள்ளத்துல சர்வரத் தலையில சுமந்து மாடியேத்துனவன்லா. அந்த ரூமையே மூடுதேன்னா அவனுக்கு வலிக்கத்தான் செய்யும்."

அதில் உண்மை இருந்தது. அந்த டிசம்பர் மழையில் சர்வர் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் போய், படகு வந்து, ஜெஃப்ரி நாலு சர்வரைத் தலையில் வைத்துக் காப்பாற்றினான். கம்பெனி அவனுக்குச் சால்வை போர்த்தியது. அன்றைக்கே ஈவாஞ்சலின் மனதில் முடிவாகிவிட்டது. ஒரு மனுஷன் தலையில்தான் கம்பெனி நிற்கிறது என்றால் அது கம்பெனியே இல்லை. மழை இல்லாத நாளிலும் உப்புக்காற்று செம்புக் கம்பியைத் தின்றுகொண்டேதான் இருந்தது.

"போன வருஷம் சென்னை ஆபீஸ்லயும் இதத்தான செஞ்ச? அங்கன யாரும் கோவிச்சுக்கிடலியே," என்றான் எஸ்றா.

"அது வேற. அங்கன நம்ம சர்வரத் தூக்கி அப்படியே இன்னொருத்தன் எடத்துல வச்சோம். நாசரேத்து ஊர்க் கோயில்ல அசன விருந்துக்குப் பாத்திரத்த வாடகைக்கு எடுப்போம்லா, அந்த மாதிரி. பாத்திரம் அவங்களது, அடுப்புல வேகுறது நாம. இப்பம் சமையலையே ஆள்ட்ட விடுதோம். டேட்டாபேஸ அவங்க பாத்துக்கிடுவாங்க, பேக்கப் அவங்க எடுப்பாங்க, நின்னு போனா அவங்களே எழுப்பி விடுவாங்க. நாம பந்தியில யாருக்கு என்ன வேணும்னு பாத்தாப் போதும்."

"அப்பம் கரண்டி?"

"கரண்டி அவங்க கையில. நம்ம ஆளு யாரும் சட்டிக்குள்ள கைய விட முடியாது. அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

"உப்பு சரியா இருக்கான்னு பாக்கது யாரு?" என்று கேட்டுவிட்டு எஸ்றா ஒரு பையனுக்கு மூன்று மதிப்பெண் குறைத்தான். அவன் அதை வேடிக்கைக்குத்தான் கேட்டான். ஈவாஞ்சலினும் சிரித்துக்கொண்டே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இன்று வெள்ளோட்டம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை அவள். முதலில் கேட் வரிசை மட்டும். பழைய சர்வர் பக்கத்தில் உயிரோடு இருக்கும். எதுவும் கோளாறு என்றால் ஒரு பொத்தானைத் தட்டிப் பழையதற்குத் திரும்பிவிடலாம். ஆனால் டைரக்டர் கிளைட்டன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். திரும்பினால் அடுத்த ஒரு வருஷத்துக்குக் கிளவுடு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

அதற்கு அவள் பயப்படவில்லை. அறுபத்து மூன்று மென்பொருள், பதினாலு சர்வர், எது எதோடு பேசுகிறது என்று நூற்றுப் பத்து பக்கப் பட்டியல் கையில் இருந்தது. அந்தப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

யார்டில் ஏழு மணிக்கு வரிசை ஓட ஆரம்பித்தது. வேலை சிக்கலானது ஒன்றுமில்லை. முந்தின நாள் மாலையில் டிரெய்லர் டிரைவர்கள் கேட்டில் நம்பர் வாங்குவார்கள். காலையில் அந்த வரிசைப்படி உள்ளே கூப்பிட்டு, கன்டெய்னரை ஏற்றி, துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். இன்றைய கப்பலுக்கு மதியம் இரண்டு மணி வரை நேரம்.

"சும்மா வெண்ணெயா போகுது மேடம்," என்றாள் இசக்கிசெல்வி. ஓட்டப்பிடாரத்துப் பெண், டீமில் இளையவள், கீபோர்டில் விரல் ஓடுவது கண்ணுக்கே தெரியாது.

ஒன்பது பத்துக்குத் திரையில் 37 என்று எழுந்தது. எழுந்தது அப்படியே நின்றது.

முப்பத்தேழாம் நம்பர் ரோச்சின் வண்டி. ரோச்சைக் காணோம். புது மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: வண்டி வராவிட்டால் பத்து நிமிஷம் காத்திரு, பிறகு வரிசையின் கடைசிக்குத் தள்ளு. கடைசி என்றால் இன்றைக்குக் கப்பல் கிடையாது. ரோச்சை அது கடைசிக்குத் தள்ளியது. அடுத்து 41, ஆள் இல்லை. 44, ஆள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து நிமிஷம் போனது. வெளியே டிரெய்லர்கள் உப்பளத் திருப்பம் வரை நீண்டுவிட்டன.

ஈவாஞ்சலின் கேட்டுக்கு இறங்கி வந்தாள். கேட் குமாஸ்தா செந்தில்வேல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்கு முன்னால் ஜெயகணேஷ் என்ற டிரைவர், கையில் 52 என்று எழுதிய சீட்டு.

"மேடம், என்னைய விடச் சொல்லுங்க. ரோச் அண்ணன் நம்பர் எனக்கு, என் நம்பர் அவருக்கு. நேத்தே பேசியாச்சு," என்றான் ஜெயகணேஷ்.

"எதுக்கு?"

"அவரு மவளுக்கு இன்னைக்குப் புதுநன்மைலா, மொத தடவையா நற்கருணை வாங்குதா. கோயில்ல பூசை முடிய பதினொண்ணு ஆயிரும். நான் சீக்கிரம் போனா மத்தியானம் வேம்பாருக்கு ஒரு நடை போயிட்டு வருவேன். ரெண்டு பேருக்கும் சௌரியம்."

"சரி, பேசுனிய. யார்ட்டப் பேசுனிய?"

ஜெயகணேஷ் செந்தில்வேலைப் பார்த்தான். செந்தில்வேல் வானத்தைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒரு காக்காகூட இல்லை.

"அண்ணாச்சி, சொல்லுங்க. வண்டி ரோட்டுல நிக்கி."

"நம்ம ஜெஃப்ரி தம்பிட்டதான் மேடம்," என்றார் செந்தில்வேல், குரலை இறக்கி. "யாரு வீட்டுலயாவது கல்யாணம், சாவு, பிள்ளைக்குக் காய்ச்சல்னா டிரைவருமாரு தங்களுக்குள்ள முறை மாத்திக்கிடுவாவ. எங்கிட்டச் சொல்லுவாவ. நான் தம்பிக்குப் போனப் போடுவேன். அவிய உள்ள ஒரு தட்டு தட்டுவாவ, நம்பர் மாறிரும். ஏழு வருஷமா இப்படித்தான்."

"இன்னைக்கு எத்தன?"

"பதினாலு. தம்பி போன் காலையில இருந்து அணைஞ்சு கெடக்கு."

ஈவாஞ்சலினுக்குக் காது சூடாகிவிட்டது. டேட்டாபேஸின் சட்டிக்குள் ஏழு வருஷமாக ஒரு கை போய் வந்திருக்கிறது. நூற்றுப் பத்து பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின ஆனைக்குத்தான் அந்த வலி தெரியும்.

கிளைட்டன் சாரின் போன் வந்தது. "என்னம்மா, பழசுக்குத் திரும்பிரலாமா?"

"ரெண்டு மணி நேரம் குடுங்க சார்."

"சரி. பன்னெண்டு மணிக்குக் கேட் ஓடல்லன்னா நானே பொத்தானத் தட்டிருவேன்."

ஜெஃப்ரியின் போன் அணைந்து கிடந்தது. அவன் மனைவி ஜெப்ஸியைக் கூப்பிட்டாள். ஜெப்ஸி ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். இறால் ஏற்றுமதி செய்கிறவர்களின் கன்டெய்னர்களுக்குக் கப்பல் காகிதம் தயார் செய்வதும் அவற்றைக் கப்பலில் ஏற்றிவிட்டு மூச்சு விடுவதும்தான் அவள் பிழைப்பு. இந்த வரிசையில் அவள் ஆபீஸ் பெட்டிகளும் இரண்டு நின்றன.

"வீட்டுலதான்க்கா இருக்காவ. புஸ்தகத்தையெல்லாம் அட்டைப்பெட்டியில அடுக்கிக்கிட்டு," என்றாள் ஜெப்ஸி. "போன்ல கூப்பிட்டா வரமாட்டாவ. நீங்க நேர்ல போங்க. உங்க முகத்தப் பாத்தா அவியளால இல்லன்னு சொல்ல முடியாது. அதான் பதினாறு நாளா பாக்காம இருக்காவ."

இருபது நிமிஷப் பாதையைப் பதினாறு நிமிஷத்தில் ஓட்டினாள் ஈவாஞ்சலின். மாடியேறிக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். சட்டையில்லாமல், வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான் ஜெஃப்ரி. மதினியைக் கண்டதும் பாய்ந்து துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான்.

"முறை மாத்துறது நீதானால?" என்றாள் அவள்.

அவன் முகம் விழுந்துவிட்டது. டேப்பை மெல்லக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சு போச்சா?"

"தெரியாம எப்படிப் போகும்? கேட்டுல பதினாலு பேரு நிக்கான். ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன் மதினி? டேட்டாபேஸ்ல நேரடியா யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் எழுதுனதே நீங்கதான். நோட்டீஸ் போர்டுல ஒட்டுனது நான். ஒட்டிட்டு வந்து உக்காந்து அன்னைக்கே ரெண்டு நம்பர் மாத்துனேன்."

ஈவாஞ்சலின் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பெட்டி கொஞ்சம் நசுங்கியது.

"அப்பம் ரூம மூடுதேன்னு கோவம் இல்லையா ஒனக்கு?"

"அந்த ரூமையா? உப்புக்காத்துல ஏசியத் துடைச்சுத் துடைச்சே எனக்கு முதுகு வளைஞ்சு போச்சு. நீங்க மூடுதேன்னு சொன்னப்போ எனக்குச் சந்தோசந்தான்." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "ஆனா மாத்தும்போது பழைய லாக், யாரு எப்பம் எத மாத்துனாங்கிற பதிவு, பூராவும் ஆடிட்டருக்குப் போகும்லா. ஏழு வருஷம், ஆயிரத்துச் சொச்சம் தடவை, எல்லாத்துலயும் என் பேரு. டிரைவர்ட்ட எதையோ வாங்கிட்டு மாத்திக் குடுத்தான்னுதான் பாக்கவன் நெனைப்பான். அதோட விடுவானா? மதினி பெரிய எடத்துல உக்காந்துக்கிட்டுக் கொழுந்தனக் கண்டுக்கிடாம விட்டாவன்னு சொல்லுவான். நான் முன்னாடியே போயிட்டா, போன ஆளுதான செஞ்சான்னு உங்கள விட்டுருவாங்க."

பதினாறு நாளாக அவன் மேல் மனதுக்குள் எத்தனை கோபப்பட்டிருப்பாள். நன்றி கெட்டவன் என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். அவன் அவளுக்காகத்தான் மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உண்மையச் சொல்லு. ஏதாவது வாங்குனியா?"

ஜெஃப்ரி நெளிந்தான். "ரோச் அண்ணனோட தம்பிமாரு கடலுக்குப் போறவங்க. எப்பமாவது ஒரு சீலா மீன் குடுத்து விடுவாவ. வேண்டாம்னா கேக்க மாட்டாவ."

"அந்த வெள்ளிக்கிழமை சீலாவா?"

"ஆமா."

"அதக் கொழம்பு வச்சது நானு. தலைய உறிஞ்சித் தின்னது ஒங்க அண்ணன். அப்பம் வீட்டோட எல்லாரும் குத்தவாளிதான்," என்று சொல்லி ஈவாஞ்சலின் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த பிறகு நிற்கவில்லை. ஜெஃப்ரியும் முதலில் முழித்து, பிறகு சிரித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தப்பு என் பேர்லயும் இருக்கு," என்றாள் அவள் எழுந்துகொண்டே. "அறுபத்து மூணு மென்பொருளுக்கும் வரிசையா கேள்வி எழுதுனேன். ஒன்ட்ட வந்து, தம்பி நீ காலையில இருந்து என்னென்ன வேலை பாக்கன்னு ஒரு தடவை கேக்கல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு. சட்டையப் போடு."

"நான் வந்து என்ன செய்ய? புது டேட்டாபேஸ்ல எனக்குக் கை வைக்க வழியில்லையே."

"கை வைக்க வேண்டாம். ஒன் மண்டையில இருக்கத வாயால சொல்லு. மத்தத இசக்கிசெல்வி பாத்துக்கிடுவா."

பதினொன்று அடிக்கும்போது அவன் இசக்கிசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முறை மாற்றத்துக்கு எழுதாத விதிகள் எத்தனை இருந்தன என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே கப்பலுக்குப் போகிற பெட்டிகளுக்குள்தான் மாற்றலாம். குளிர்ப்பெட்டியைப் பின்னால் தள்ளக் கூடாது. ஒரு ஆளுக்கு வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் கிடையாது, சாவு வீட்டைத் தவிர. மாற்றிக்கொண்டவன் வராவிட்டால் மற்றவன் தண்டனை அனுபவிக்கக் கூடாது. ஜெஃப்ரி கண்ணை மூடிக்கொண்டு மனப்பாட வசனம் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டே போனாள்.

புது ஏற்பாட்டின் அருமை அப்போதுதான் தெரிந்தது. பழைய நாளாக இருந்தால் இதற்கு ஒரு மெஷின் வேண்டும், அதற்கு ஒரு வாரம் வேண்டும். இப்போது விதிகளை மட்டும் ஒரு சின்ன நிரலாக எழுதி மேலே அனுப்பினாள் இசக்கிசெல்வி. ஓட வைப்பது, காவல் காப்பது எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள் பொறுப்பு. இரண்டு டிரைவர் போனுக்கும் ஒரு எண் வரும், இருவரும் சரி சொல்ல வேண்டும், செந்தில்வேல் ஒப்புதல் தட்ட வேண்டும், மூன்று பேர் பெயரும் பதிவாகும். யாரும் சட்டிக்குள் கை விடவில்லை.

இடையில் ஈவாஞ்சலின் செய்த ஒரே வேலை, எல்லோருக்கும் டீ வாங்கி வந்ததுதான். தலைவி என்றால் சில நேரம் அவ்வளவுதான் வேலை.

பதினொன்று ஐம்பதுக்கு முதல் மாற்றம் போயிற்று. திரையில் 37க்கு நேராக ஜெயகணேஷின் வண்டி எண் வந்தது. செந்தில்வேல் தன் போனையே இரண்டு தரம் பார்த்தார்.

"நானே மாத்திட்டேனா?" என்றார்.

"நீங்கதான் அண்ணாச்சி. இனிமே போன் போட்டு என்னைய எழுப்பாதிய," என்றான் ஜெஃப்ரி.

கேட் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டரைக்கு ரோச், வெள்ளை வேட்டி சட்டையில், டிரெய்லரின் ஏணியில் ஏறமுடியாமல் ஏறி வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை நிறைய மக்ரூன் இனிப்பு. ஜெஃப்ரி அதைத் தொடவே மாட்டேன் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். ஈவாஞ்சலின் பையை வாங்கி, எல்லோரும் பார்க்க மேஜை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தாள்.

எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இரண்டு கன்டெய்னர்கள் கப்பலைத் தவறவிட்டன. காலையில் நின்ற நேரத்தைக் கடைசியில் வந்தவர்கள் சுமந்தார்கள். அவை அடுத்த வாரக் கப்பலுக்குத்தான்.

நாலரைக்கு டைரக்டர் அறைக்குப் போனாள் ஈவாஞ்சலின். கிளைட்டன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. புதிதாக ஒரு வசதி தேவைப்பட்டது, சேர்த்துவிட்டோம் என்று சொல்லி எழுந்துவிடலாம். அவர் அதை நம்புவார். ஆடிட்டர் பார்ப்பது பிறகு. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குக் கை வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். சீலா மீன் உட்பட.

"ஏழு வருஷமா ஒரு ஆளு டேட்டாபேஸ்ல கை வச்சிருக்கான். அந்த ஆளு உங்க கொழுந்தன். அத நீங்களே வந்து சொல்லுதிய," என்றார் கிளைட்டன்.

"ஆமா சார். அவன் மாத்துனது ஒவ்வொண்ணும் ரெண்டு டிரைவரும் சம்மதிச்சது. யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கேட்டிருக்க வேண்டியது நானு, நான் கேக்கல. அவன அனுப்புனா அந்த விதியெல்லாம் தெரிஞ்ச ஆளு வேற யாரும் இல்ல. அவன வச்சுக்கிடணும்னுதான் நான் கேக்கேன்."

கிளைட்டன் எழுந்து ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தார். வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இத மெயில்ல எழுதித் தாங்க. எல்லா மாத்தமும் யாரு செஞ்சது, எதுக்குன்னு. உங்க கையெழுத்தோட. திங்கட்கிழமை ஆடிட்டர் பழைய லாகையும் உங்க மெயிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாரு. ரெண்டும் ஒத்துப்போனா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. அவன் இருக்கட்டும், கிளவுடும் நடக்கட்டும். ஒத்துப்போகல்லன்னா என்னால யாரையும் காப்பாத்த முடியாது. உங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"ஒத்துப்போகும் சார்."

அந்த நாற்காலியில் இருந்தபடியே எழுதினாள். 'வரிசை மாற்றங்கள் அனைத்தையும் செய்தவர் ஜெஃப்ரி ஒருவரே' என்று தொடங்கி, எட்டு வரி, கீழே தன் பெயர். அனுப்பியாயிற்று. நாலு ஐம்பத்திரண்டுக்கு அவள் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. ராஜினாமா திரும்பப் பெறப்பட்டது. காரணம் கேட்ட கட்டத்தில் 'காபி' என்று எழுதியிருந்தான்.

வீட்டில் ஏழு மணிக்கே கல்யாணக் களை. ஜெஃப்ரி பதினாறு நாள் பாக்கியையும் சேர்த்து மூன்று தம்ளர் காபி குடித்துவிட்டு, ஆப்பத்துக்குக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எஸ்றா பக்கத்தில் உட்கார்ந்து, சாகுபுரத்துக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்வதற்குத் தம்பிக்கு ஆங்கிலம் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாடியில் கட்டிய பெட்டிகளை யார் பிரிப்பது என்று ஒரு சிறு தகராறும் நடந்தது.

ஜெப்ஸி அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தாள். அவள் ஆபீஸ் பெட்டி இரண்டும் கப்பல் ஏறிவிட்டன. அவள் முகம் மலர்ந்திருந்தது. ஆப்பச் சட்டியை வாங்கிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஈவாஞ்சலின் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கிளைட்டன் சார் கண்ணாடியைக் கழற்றியதை நடித்தே காட்டினாள். ஜெப்ஸி சிரித்துச் சிரித்து ஒரு ஆப்பத்தைக் கருக விட்டாள்.

"அப்புறம் மெயில் எழுதிக் குடுத்துட்டேன். ஏழு வருஷமா மாத்துனது எல்லாமே ஜெஃப்ரிதான், வேற யாரும் இல்லன்னு," என்றாள் ஈவாஞ்சலின்.

ஜெப்ஸியின் சிரிப்பு நின்றது. ஆப்பச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"எல்லாமேன்னா எழுதுனிய?"

"ஆமா. ஏன்?"

ஜெப்ஸி கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை மாத்துனது அவிய இல்லக்கா."

"பெறவு?"

"அவிய காலையில கோயில் குயர்ல பாடப் போயி நிப்பாவ. போன் வீட்டுலதான கிடக்கும். சின்னவனுக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போகல. கேட்டுல இருந்து செந்தில்வேல் அண்ணாச்சி போன் போட்டாவ. ஒரு டிரைவர் அப்பா இறந்துட்டாவன்னு. லேப்டாப் தெறந்து கெடந்துச்சு, அவிய செய்யுறத நான் பாத்திருக்கேன். மாத்தி விட்டுட்டேன். அதுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமையெல்லாம் நாந்தான். அவிய சொல்லித்தான் செய்யுதேன்னு அண்ணாச்சி நெனச்சிருப்பாவ. அவியளுக்கு இன்னும் தெரியாது."

ஈவாஞ்சலின் கையிலிருந்த தேங்காய்த் துணியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். பால் முழங்கை வரை வழிந்தது. ஆடிட்டருக்கு முன்னால் லாகும் மெயிலும். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜெஃப்ரி எங்கே நின்றான் என்பதற்குச் சபையே சாட்சி. அவள் மனம் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஜெப்ஸி மறுபடியும் வாயைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அதுல நாலஞ்சு தடவை டிரைவர் யாரும் கேக்கலக்கா. எங்க ஆபீஸ் பெட்டிய நானா முன்னாடி போட்டுக்கிட்டேன்."

கூடத்திலிருந்து ஜெஃப்ரி, இன்னும் இரண்டு ஆப்பம் வேண்டும் என்று குரல் கொடுத்தான்.